தமிழாசிரியர் சாமிநாதையர்

சவ்வாது மலையில் தோன்றும் செய்யாற்றைச் சேயாறு என்று பாடுவது மலைபடுகடாம். அம்மலையடியில் உள்ள செங்கம், அந்நாளில் செங்கண்மா என்னும் பெயருடன் நன்னன் என்னும் வள்ளலின் ஊராய் விளங்கிற்று. 583 அடிகளையுடைய அப்பாட்டு நெடுங்காலம் ஏட்டுச் சுவடிகளில் அடங்கிக் கிடந்தது. 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டு முழுவதையும் உரையுடன் பதிப்பித்து, அதனையும் நம் கைக்கு எட்டச் செய்தவர் உ. வே. சாமிநாதையர். அப்போது அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அவர் ஆசிரியரான வரலாறு அறியத்தக்கது.

ஐயர் 1855இல் உத்தமதானபுரத்தைச் சேர்ந்த எளிய குடும்பத்தில் பிறந்தார். 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டார். 1876இல் பிள்ளை மறைந்தபின், திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் தாமும் கற்று, பிறர்க்கும் கற்பித்து வந்தார். உணவுக்கும் உறையுளுக்கும் அங்கே குறைவில்லை.

1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வுபெற விரும்பினார். அவரும் பிள்ளையின் மாணாக்கரே. தம் இடத்திற்கு ஐயரே ஏற்றவர் எனக் கருதித் தேசிகரிடம் வேண்டினார். தேசிகருக்கோ ஐயரைப் பிரிய மனமில்லை. எனினும், அவருடைய நலத்தை எண்ணி விடைகொடுத்தார். ஐயர் ஆங்கிலப் பட்டம் எதுவும் பெற்றவரல்லர். கல்லூரியார் முன்னிலையில் செய்யுட்களைச் சொல்லிப் பொருள் விரித்தே அப்பதவியை அடைந்தார். மாதச் சம்பளம் 50 ரூபாய். வயதோ இருபத்தைந்து! பெரும்புலவர் ஒருவர் அமர்ந்த இடத்தில் அவ்விளைஞர் பாடஞ்சொல்ல வேண்டியிருந்தது. இளமையில் பயின்ற இசை அங்கே கைகொடுத்தது. செய்யுட்களை இராகத்துடன் பாடிக் காட்டி மாணவர் உள்ளத்தைக் கவர்ந்தார்.

அவ்வாண்டு அக்டோபரில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் கண்டார். தாம் கற்ற அந்தாதிகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ்கள் ஆகியவற்றை அடுக்கிச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை, சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். ஐயர் அதனைப் படித்திருக்கவில்லை. முதலியார் தந்த பிரதியைக் கொண்டு பயிலத் தொடங்கியபோது, சைன சமயக் கருத்துகள் விளங்காமல் இடர்ப்பட்டார். கல்லூரியில் ஆசிரியராயிருந்த அவர், குடந்தைச் சைனர் இல்லங்களை நாடிச் சென்று மாணவராய் அமர்ந்து ஐயம் தெளிந்தார். பதவி கிடைத்ததும் படிப்பு முடிந்தது என்று எண்ணுவோர் பலர். ஐயர் அவ்வாறு எண்ணவில்லை.

சிந்தாமணி 1887இல் அச்சாயிற்று. அதன்பின் பத்துப்பாட்டும், 1894இல் புறநானூறும் வெளிவந்தன. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி, 1919 வரை அங்கே தமிழ் கற்பித்தார்.