கவலையைக் கருணையாக்கிய வள்ளலார்

உடலைப் பற்றிய நோய்க்கு மருந்து காண்பது எளிது. உள்ளம் ஓய்வின்றி உழலும் நோய்க்கு மருந்து காண்பது அரிது. பகல் முழுதும் உழைத்தோர் இரவின் வரவை எதிர்நோக்குவர். கவலையுற்ற நெஞ்சினர்க்கோ அவ்விரவே துன்பத்தின் தொடக்கமாகின்றது. விளக்கைத் தணித்துப் படுத்தபின், தீராத கடனும், முடியாத வழக்கும், மகளின் மணமும், மக்களின் பிணியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நெஞ்சின் வாயிலில் நிற்கின்றன. இங்ஙனம் கண்ணயராது வருந்துவோர் அருளாளரின் வரலாறுகளைக் கேட்குங்கால், அப்பெரியோர் பிறவியிலேயே கலக்கமற்றவர் என்றும், தம் துன்பம் அவர்கள் அறியாதது என்றும் எண்ணி அகன்று நிற்பதுண்டு. அவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்குத் தக்க சான்றாக விளங்குவது சிதம்பரம் இராமலிங்க அடிகளாரின் திருவரலாறு. திருவருட்பிரகாச வள்ளலார் என்று உலகம் போற்றும் அப்பெருந்தகையார், அச்சத்தையும் துயிலின்மையையும் பிறர் அறிந்ததனினும் மிகுதியாக அறிந்தவர் ஆவர்.

அடிகளார் 1823ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5ஆம் நாள், தில்லைக்கு வடமேற்கே உள்ள மருதூரில், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையார்க்கும் ஐந்தாம் மகவாகத் தோன்றினார். பிறந்த சில திங்களிலேயே தந்தையார் சிவபதம் அடைந்தார். ஆதரவற்ற அன்னையார் மக்களுடன் பொன்னேரியை அடுத்த தம் பிறந்தகம் சென்று, பின்னர்ச் சென்னையில் ஏழுகிணற்றுப் பகுதியில் குடியேறினார். புராணச் சொற்பொழிவால் குடும்பத்தைத் தாங்கிய தமையனார் சபாபதி பிள்ளை, தம்பியாரைக் கல்வியில் செலுத்த முயன்றார். இளையவர் உள்ளமோ ஏட்டில் பொருந்தாது கந்தகோட்டத்து முருகப்பெருமானிடமே சென்றது. வீட்டு மேலறையில் கண்ணாடி ஒன்றை நிறுத்தி விளக்கேற்றி வழிபட்ட அப்பிள்ளைக்குத் தணிகைப் பெருமான் காட்சி அளித்தான் என்பர். சிறு பருவத்திலேயே, தமையனார்க்கு உடல்நலம் குன்றியிருந்த ஒரு நாள், அவருக்காகப் பெரியபுராணச் சொற்பொழிவு நிகழ்த்திக் கேட்டோரை வியப்பில் ஆழ்த்தினார். அதன்பின் பல்லாண்டுகள் திருவொற்றியூர்த் தியாகேசர் திருமுன்னர்ச் சென்று பாடிப் பணிவதே அவர்தம் வாழ்வாயிற்று.

இத்துணை அருளுக்கு உரியவராயினும் அவருள்ளம் அமைதியில் திளைத்தது எனக் கொள்ளுதல் கூடாது. ஆறாம் திருமுறையில் உள்ள பிள்ளைப் பெருவிண்ணப்பம் என்னும் 133 பாடல்கள் கொண்ட பகுதியில், தம் வாழ்நாளில் உற்ற அச்சங்களையும் துயரங்களையும் இறைவனாகிய தந்தையின்முன் மகன் நின்று முறையிடும் பாங்கில் அவர் அடுக்கிக் கூறியுள்ளார். ஒருவரோடு ஒருவர் உரத்துப் பேசினால் அவர் நடுங்குவார். கதவைப் பிறர் பலமாகத் தட்டினால் கலங்குவார். எதிர்பாராத நேரத்தில் எவரேனும் அழைத்தால், யாது நேர்ந்ததோ என்ற திகைப்பில் மறுமொழி சொல்லவும் மறந்துவிடுவார். காக்கை கரைவதும், பருந்தின் கடுங்குரலும், ஆந்தை அலறுவதும், நாய்கள் ஊளையிடுவதும் அவருள்ளத்தைக் குலைத்தன. இனிய உணவு கிடைத்தால், இச்சுகத்தின் பின் எத்துன்பம் வருமோ என்று எண்ணி வெறும் வயிற்றோடு இருந்துவிடுவார். கைவீசி நடக்க நாணிக் கைகட்டி நடந்தார். வெண்துகிலால் மேனி முழுதும் போர்த்துக்கொண்டார்.

துயிலைப் பற்றி அவர் கூறுவது மிகவும் உருக்கமானது. படுத்தபோதெல்லாம் தூக்கம் என்னும் பகைவன் வருவானே, அவனைத் தொடர்ந்து கொடிய கனவும் வருமே, யாது செய்வது என்று அவர் உள்ளம் நடுங்கிற்று. கனவு கண்டு கலங்காத நாள் ஒன்றேனும் உண்டோ என்று ஏங்கினார். துயில் வாராமையால் வருந்துவோர் உளர்; துயில் வந்துவிடுமே என்று அஞ்சி வருந்துவோரும் உளர். இவ்விரண்டாம் துன்பத்தை இத்துணைத் தெளிவாகவும் நாணமின்றியும் எடுத்துரைத்த அருளாளர் மிகச் சிலரே.

1850ஆம் ஆண்டில் உற்றார் வற்புறுத்தலால் தமக்கையாரின் மகள் தனக்கோடி அம்மையாரை மணந்தார். இல்லற நாட்டம் அவரைப் பற்றவில்லை. மணநாள் இரவையும் திருவாசகம் ஓதியே கழித்தார் என்பது வழிவழி வழங்கும் செய்தி. செல்வம் நிறைந்த சென்னை நகரில் இருந்தால் ஆரவாரமும் இடரும் சூழும் என்று அஞ்சி, 1858ஆம் ஆண்டளவில் நகரை நீத்துத் தில்லைப் பக்கம் சென்றார். கருங்குழியில் வேங்கட ரெட்டியாரின் இல்லத்தில் 1867 வரை தங்கினார். அக்காலத்தில் ஊர்ப்புறக் காடுகளிலும், பருக்கைக் கற்கள் நிறைந்த வெளிகளிலும், புன்செய்க் களங்களிலும் தனியே திரிந்து களைத்ததை அவரே கூறியுள்ளார்.

கருங்குழி இரவுகளில் அவர் விளக்கின்முன் அமர்ந்து பாடல் எழுதுவது வழக்கம். இல்லத்து அம்மையார் முத்தியாலம்மாள் வெளியூர் சென்றிருந்த ஓரிரவில், எண்ணெய்க் கலயத்தின் இடத்தில் தண்ணீர்க் கலயம் இருக்க, அடிகளார் எழுத்தில் ஆழ்ந்தவராய் அத்தண்ணீரையே விளக்கில் வார்த்து வந்தார் என்றும், விளக்கு விடியுமளவும் எரிந்தது என்றும் அன்பர்கள் போற்றுவர். அற்புதத்தை வியந்து நிற்பதோடு அமையாது, அந்நிகழ்ச்சியில் உறையும் வாழ்வையும் உணர்தல் தகும். கண் மூடாத இரவை அவர் புரண்டு புரண்டு கழிக்கவில்லை. எழுந்து அமர்ந்து, விளக்கேற்றி, உள்ளத்தில் உற்றதை இறைவனிடம் சொல்லத் தொடங்கினார். கவலைக்கு இரையாகியிருக்க வேண்டிய நாழிகைகள் வழிபாடாயின.

அம்முறையீட்டை ஊன்றிப் பயில்வோர்க்குப் பிறிதோர் உண்மை புலனாகும். அவர் அடுக்கிய அச்சங்களுள் பெரும்பாலானவை பிறர்பொருட்டு எழுந்தவை. கண்ணின் கீழோ தோளோ துடித்தால், தமக்கு யாது வருமோ என்று அவர் எண்ணவில்லை. பிறர்க்கு வரும் துயரத்தை உணர்த்தத் துடித்ததோ என்று நெஞ்சு உடைந்தார். மழை பொய்த்துச் சோர்ந்த பயிரும், வீடுதோறும் இரந்தும் பசி தீராத ஏழையும், நெடும்பிணியாளரும், மானத்தால் தம் வறுமையை வெளியிடாது மெலிந்தோரும் அவர் நெஞ்சைப் பிளந்தனர். சிறுவர்க்குக் கற்பிக்கும்போது சினத்தால் அடித்துவிட்டுப் பின்னர்த் தாம் கலங்கியதையும் அவர் மறைக்கவில்லை. ஆராய்ந்து பார்க்குங்கால், அவரை உறங்கவொட்டாது அலைத்த கவலையும், பின்னாளில் உலகம் கண்டு தொழுத சீவகாருணியமும் ஒரே வித்தினின்று எழுந்தவை என்பது விளங்கும். முளையாய் இருந்தபோது அச்சம் எனத் தோன்றியது, முதிர்ந்தபோது கருணை எனக் கனிந்தது.

அக்கனிவுக்கு ஒரு சிறு நிகழ்ச்சி சான்றாகும். தம் பாடல்களை வெளியிட அடிகளார் நெடுங்காலம் இசையாதிருந்தார். அன்பராகிய இறுக்கம் இரத்தின முதலியார், பாடல்கள் கைக்கு வரும்வரை நாளொன்றுக்கு ஒரு வேளையே உண்பதென்று உறுதி பூண்டார். அதனை அறிந்த அடிகளாரின் உள்ளம் தாளவில்லை. இரு வேளையும் உண்ணுமாறு வேண்டிக் கடிதம் எழுதியதோடு, பாடல்களைத் தரவும் உடன்பட்டார். புகழுக்கும் கூட்டத்திற்கும் அஞ்சிய நெஞ்சம், ஓர் அன்பரின் பசியின்முன் தன் அச்சத்தை மறந்தது. தொழுவூர் வேலாயுத முதலியாரின் பணியால் 1867ஆம் ஆண்டில் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சேறின.

அதே ஆண்டில் அவர்தம் வாழ்வின் பெருஞ்செயல் நிகழ்ந்தது. 1866ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் பல பகுதிகள் பஞ்சத்தால் வாடியிருந்தன. வடலூரில் பார்வதிபுரத்து மக்கள் 80 காணி அளவுள்ள பெருவெளியை அன்புடன் அளித்தனர். அங்கே 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. சாதியும் சமயமும் வினவாது, பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டு வந்தோர்க்கெல்லாம் அன்னம் இடப்பெற்றது. அடிகளார் அன்று ஏற்றிய அடுப்பு இன்றளவும் அணையாமல் காக்கப்பட்டு வருகின்றது. பசித்தோரை நினைந்து நினைந்து இரவில் வருந்திய உள்ளம், அவ்வருத்தத்தை அரிசியாகவும் விறகாகவும் நெருப்பாகவும் மாற்றிக்கொண்டது. நினைந்து வருந்துவதற்கு எல்லை இல்லை. இலையில் இடும் சோற்றுக்கோ ஓர் அளவு உண்டு, அதனால் தீரும் பசியும் உண்டு.

தருமச்சாலை எழுந்தபின் இடர்களே வாரா என்பதன்று. அவர் பாடல்களை அருட்பா என வழங்குதல் தகுமோ என்று சைவப் பெரும்புலவரிடையே எழுந்த வாதம், 1869ஆம் ஆண்டில் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. கதவு தட்டும் ஒலிக்கே கலங்கியவர் அடிகளார். அத்தகையவர் அக்காலத்தும் அன்னப்பணியை நிறுத்தவில்லை, பாடுவதையும் நிறுத்தவில்லை. 1870ஆம் ஆண்டில் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்திற்கு எழுந்தருளினார். எண்கோண வடிவில் ஏழு திரைகளோடு அமைந்த சத்திய ஞானசபையில், 1872ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 25ஆம் நாள் தைப்பூசத்தன்று முதல் சோதி வழிபாடு நிகழ்ந்தது.

தாம் பட்ட துன்பத்தை நினைவிற் கொண்டே அன்பர்க்கு நாளொழுக்கம் வகுத்தார் என்று கருத இடமுண்டு. உணவு, நித்திரை, மைதுனம், பயம் ஆகிய நான்கிலும் விழிப்போடு இருத்தல் வேண்டும் என்றார். சாதனை முதிர்ந்தோர்க்கு உணவு அரைப் பங்கும், நித்திரை அரைக்கால் பங்கும் போதும். அச்சமோ முற்றும் ஒழிதல் வேண்டும் என்பது அவர் கணக்கு. சாதனையில் முதிராத இல்லறத்தார் அந்நித்திரை அளவைத் தமக்கு உரியதாகக் கொண்டு உடலை வருத்துதல் தகாது. எல்லார்க்கும் ஏற்ற எளிய நெறிகளையும் அவர் அருளியுள்ளார். கதிரவன் எழுமுன் எழுந்து திருநீறணிந்து இறைவனைத் தியானித்தல், பகலில் உறங்காமை, இடப்புறம் சாய்ந்து படுத்தல், உரத்துப் பேசாமை, விரைந்து நடவாமை, வழக்கும் சண்டையும் தவிர்த்தல் என்பன அவற்றுள் சில. உரத்த குரலுக்கு நடுங்கியவர், பிறரை நடுங்கச் செய்யும் உரத்த குரலை அன்பரிடத்து விலக்கினார்.

பின்னாளில் பாடிய பாடல்களில், தம்மை வருத்திய அச்சமும் துயரமும் துயிலின் கொடுமையும் திருவருளால் அகன்றன என்று இறைவனை நெஞ்சாரப் போற்றினார். 1873ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சன்மார்க்கக் கொடி உயர்த்திப் பேருபதேசம் செய்தார். அதன்பின் தம் அறையில் இருந்த திருவிளக்கைப் புறத்தே வைத்து, அதனைத் தடைபடாது வழிபடுமாறு பணித்தார். 1874ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 30ஆம் நாள், தம் ஐம்பதாம் அகவையில் திருமாளிகை அறையுள் புகுந்து திருக்கதவம் சாத்தச் செய்தார். அருட்பெருஞ்சோதியில் அவர் கலந்தருளினார் என்பது அன்பர் துணிபு. இருளின் ஒலிகளுக்கெல்லாம் அஞ்சிய ஒருவர், இறுதியில் தாமே விரும்பித் தனியறையுள் அச்சமின்றிப் புகுந்தார் என்பது நினைந்து நினைந்து உருகத் தக்கது.

கவலையால் கண்ணயராது வருந்தும் அன்பர்க்கு இத்திருவரலாறு இரண்டு வழிகளைக் காட்டுகின்றது. உள்ளத்தில் உற்றதை ஒன்றும் ஒளியாது தந்தையிடம் மகன் கூறுவதுபோல இறைவனிடம் கூறுதல் ஒன்று. அக்கவலை யாரைப் பற்றியது என ஆராய்ந்து, விடிந்தபின் அவர்க்கு இயன்றதோர் உதவியைக் கையால் செய்தல் மற்றொன்று. முன்னது நெஞ்சின் சுமையை இறக்குகின்றது. பின்னது அச்சுமை மீண்டும் ஏறாது காக்கின்றது. திருக்கோயிலில் ஏற்றும் ஒவ்வொரு விளக்கும், அடியார்க்கு இடும் ஒவ்வொரு பிடி அன்னமும் இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் பெருமை உடையன. குடமுழுக்குக் கண்டு திருமுன் நிற்கும் அடியார் அனைவரும், தம் கவலையை அங்கே வைத்துக் கருணையைப் பெற்று மீள்வாராக.

திருச்சிற்றம்பலம்.