கணக்குப்பிள்ளை கோடீசுவரர் ஆனார்!

உலகத்திலேயே பெரிய பணக்காரர் என்று பெயர் எடுத்தவர், அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் ராக்பெல்லர். நம் நாட்டு வீடுகளிலும் ஒரு காலத்தில் அவருடைய கம்பெனியின் மண்எண்ணெய் எரிந்தது.

அவர் பார்த்த முதல் வேலை என்ன தெரியுமா? கணக்கு எழுதும் வேலை!

1839-ம் ஆண்டு அவர் பிறந்தார். தகப்பனார் ஊர் ஊராகப் போய் மருந்து விற்றவர். வீட்டில் தங்குவது அபூர்வம். தாயார்தான் சிக்கனமாகக் குடும்பத்தை நடத்தினார்.

16 வயதில் கிளீவ்லாந்து நகரில் வேலை தேடிப் புறப்பட்டார் ராக்பெல்லர். வாரக்கணக்கில் தெருத் தெருவாக நடந்தார். இல்லை என்று சொன்ன கடைகளுக்கே மறுபடியும் போய் நின்றார்.

1855-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி வேலை கிடைத்தது. அது ஒரு கமிஷன் மண்டி. உதவிக் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்தார். மூன்று மாதம் வரை சம்பளம் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு மொத்தமாக 50 டாலர் கொடுத்தார்கள்.

மண்டிக்கு வரும் 'பில்' ஒவ்வொன்றையும் வரி வரியாகப் பார்ப்பார். கூட்டல் சரியாக இருந்தால்தான் பணம் போகும். சொந்தச் செலவுக்கும் ஒரு சிறு நோட்டு வைத்திருந்தார். மாதா கோவிலில் போட்ட காசு கூட அதில் ஏறும்.

கணக்கு எழுதிய பையன் பேரம் பேசவும் அங்கேதான் கற்றுக்கொண்டார். வெர்மாண்ட் என்ற இடத்தில் இருந்து சலவைக்கல் வரும். ரெயிலில் கொஞ்ச தூரம், கால்வாயில் கொஞ்ச தூரம், ஏரிக் கப்பலில் கொஞ்ச தூரம். வழியில் கல் உடைந்தால் யார் நஷ்டம் கொடுப்பது? மூன்று பேரும் கையை விரிப்பார்கள். மூவரையும் சரிக்கட்டும் வேலை அந்தப் பையன் தலையில் விழுந்தது. யாருடைய மனமும் கோணாமல் காசை வாங்கி வந்தார்.

சம்பள உயர்வு கேட்டார். கேட்டது வருஷத்துக்கு 800 டாலர். முதலாளி 700-க்கு மேல் அசையவில்லை. வேலையை விட்டார்.

1859-ல் கிளார்க் என்பவருடன் கூட்டு வியாபாரம் தொடங்கினார். முதலில் 1,000 டாலர் குறைந்தது. தகப்பனார் கொடுத்தார். சும்மா அல்ல, 10 சதவீத வட்டிக்கு! பெற்ற மகனிடமே வட்டி வாங்கிய தகப்பன்!

அதே ஆண்டில் பென்சில்வேனியாவில் பூமியைத் துளைத்து எண்ணெய் எடுத்தார்கள். 1863-ல் இவர்களும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பணம் போட்டார்கள். கடன் வாங்கி ஆலையைப் பெருக்க வேண்டும் என்றார் ராக்பெல்லர். கிளார்க் சகோதரர்கள் பயந்தார்கள். சண்டை முற்றியது. கூட்டாளிகளுக்குள்ளேயே ஆலையை ஏலம் விடுவது என்று முடிவு ஆயிற்று.

ஏலம்

1865-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். ராக்பெல்லருக்கு வயது 25.

ஏலம் 500 டாலரில் தொடங்கியது. ஆயிரம் ஆயிற்று. பத்தாயிரம் ஆயிற்று. 50 ஆயிரத்தைத் தாண்டியது. இருவரும் விடவில்லை. கிளார்க் 72 ஆயிரம் கேட்டார். ராக்பெல்லர் 72,500 என்றார். கிளார்க் எழுந்துவிட்டார்!

அது மூர்க்கத்தனம் போலத் தோன்றும். ஆனால் ஒரு பீப்பாய் எண்ணெயில் என்ன மிஞ்சும் என்பது கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். கடன் கொடுக்கும் பாங்கிகளையும் அவர் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தார்.

1870-ல் 'ஸ்டாண்டர்டு ஆயில்' கம்பெனி பிறந்தது. மூலதனம் 10 லட்சம் டாலர். பிறகு, மற்றவர்களின் ஆலைகளை விலை பேசத் தொடங்கினார்.

கிளீவ்லாந்தில் 26 போட்டி ஆலைகள் இருந்தன. 1872-ல் சில வாரங்களுக்குள் 22 ஆலைகள் அவர் கைக்கு வந்துவிட்டன! கத்தி இல்லை, கூச்சல் இல்லை. ஆலைக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுவார். அவ்வளவு மலிவாக எண்ணெய் காய்ச்ச முடியுமா என்று வந்தவர் திகைப்பார். கையெழுத்துப் போடுவார்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருந்தது. ரெயில் கம்பெனிகள் ராக்பெல்லருக்கு ரகசியமாக வாடகையைக் குறைத்தன. அந்தச் சலுகை சிறு ஆலைக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. போட்டி சமமாக இல்லை.

விலைக்குப் பதில் பங்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவர் புத்தி சொன்னார். அப்படிச் செய்தவர்கள் பெரும் பணக்காரர் ஆனார்கள். நம்பாமல் ரொக்கம் வாங்கியவர்கள்தான் அதிகம். ஆயுள் முழுவதும் வயிறு எரிந்தவர்களும் அவர்களே.

அந்தக் கசப்பு ஒரு பெண்ணின் பேனா வழியாக வெளிவந்தது. பெயர் ஐடா டார்பெல். அவருடைய தகப்பனாரும் ராக்பெல்லரிடம் அடிபட்ட ஒரு சிறு எண்ணெய் வியாபாரி. 1902 முதல் ஒரு மாதப் பத்திரிகையில் கம்பெனியின் பேரங்களை ஆதாரத்துடன் எழுதினார். நாடே பரபரப்பு அடைந்தது. 1911-ல் சுப்ரீம் கோர்ட்டு கம்பெனியை உடைத்தது. 34 துண்டு!

வேடிக்கை என்னவென்றால், துண்டுகளின் பங்கு விலை ஏறியது. ராக்பெல்லர் முன்னைவிடப் பெரிய பணக்காரர் ஆனார். 50 கோடி டாலருக்கு மேல் தர்மமும் செய்தார்.

பழைய செலவு நோட்டை மட்டும் அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. பொக்கிஷம் போல வைத்திருந்தார்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 26-ந் தேதி அவர் வீட்டில் கொடி ஏற்றுவார்கள். அது அவர் பிறந்த நாள் அல்ல. கணக்கு எழுத முதன்முதலில் மேஜையில் உட்கார்ந்த நாள். 1937-ம் ஆண்டு மே மாதம், தமது 97-வது வயதில் அவர் காலமானார்.