சதாசிவப் பிரமேந்திரர்

தென்னாட்டுத் துறவியருள் சதாசிவப் பிரமேந்திரர் தனிச் சிறப்புடையவர். அவர் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டிலும் வாழ்ந்தவர் என்பர். அவருடைய இளமைப் பெயர் சிவராமகிருஷ்ணன் என்பதாம். காவிரிக் கரையிலுள்ள திருவிசைநல்லூரில் அவர் வடமொழி நூல்களைக் கசடறக் கற்றார்.

பின்னர்ப் பரமசிவேந்திரர் என்னும் பெரியாரை அடுத்து, அவருக்கு மாணாக்கரானார். இளந்துறவியிடம் கூரிய அறிவும், அதனினும் கூரிய நாவும் இருந்தன. ஆசிரியரைக் காண வந்த புலவர்களையெல்லாம் அவர் வாதுக்கு இழுத்து, மறுமொழி கூற இயலாதபடி மடக்கினார். கேட்டோர் நகைத்தனர், தோற்றோர் நாணி வருந்தினர். இதனை அறிந்த ஆசிரியர், வாயை அடக்க என்றுதான் கற்பாயோ என்று கடிந்து கொண்டார். அச்சொல் மாணாக்கர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அன்றே அவர் வாய் பேசா நோன்பு பூண்டார். வாழ்நாள் முழுதும் அதனைக் கைவிடவில்லை.

நாவை அடக்குதல் அரிது. உள்ளத்தை அடக்குதல் அதனினும் அரிது. இதனை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று வழிவழியாகக் கூறப்பட்டு வருகிறது. ஒருநாள் அவர் வயல் வரப்பைத் தலையணையாகக் கொண்டு படுத்திருந்தார். வழிச்சென்ற பெண்கள், முற்றுந் துறந்தவருக்கும் தலையணை வேண்டியிருக்கிறதே என்று எள்ளி நகைத்தனர். மறுநாள் அவர் தலைக்கு உயரமின்றித் தரையிலே படுத்திருந்தார். அப்பெண்கள் அதனையும் கண்டு, பிறர் பேச்சுக்குச் செவி சாய்க்கும் குணம் இவரை இன்னும் விட்டபாடில்லை என்று கூறிச் சிரித்தனராம். முன்பு பிறரைத் தம் சொல்லால் நாணச் செய்தவர், இப்போது எளியோரின் நகைச்சுவையிலிருந்து பாடம் கற்றார்.

தம் உள்ளத்தில் எழும் எண்ணங்களை இடையறாது விழிப்புடன் நோக்குதலைப் புத்தர் பெருமான் தம் எண்வகை நெறியுள் நற்கடைப்பிடி என்று வகுத்தார். சதாசிவர் பௌத்தர் அல்லர், அத்துவித நெறியினர். ஆயினும் அவ்விழிப்பு அவரிடமும் விளங்கிற்று. அவர் வறட்டுத் துறவியாகவும் இருந்திலர். காவிரி மணலில் சிறுவர்களோடு கூடி விளையாடி மகிழ்ந்தார் என்பர். அவர் இயற்றிய வடமொழிக் கீர்த்தனைகள் இன்றும் இசையரங்குகளில் பாடப்படுகின்றன.

புதுக்கோட்டையை 1730 முதல் 1769 வரை ஆண்டவர் விஜய ரகுநாதராயத் தொண்டைமான். அம்மன்னர், இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள திருவரங்குளத்துக் காட்டில் சதாசிவரைக் கண்டு பணிந்தார். அறிவுரை வேண்டி நின்ற மன்னருக்கும் அவர் வாய் திறந்தாரல்லர். தட்சிணாமூர்த்தி மந்திரத்தை மணலில் விரலால் எழுதிக் காட்டினார். மன்னர் அம்மணலை அரண்மனைக்கு எடுத்துச் சென்று, பேழையில் வைத்து வழிபட்டார் என்று புதுக்கோட்டை வரலாறு கூறுகிறது. தட்சிணாமூர்த்தியும் சொல்லாமற் சொல்லி உணர்த்திய ஆசிரியரே அன்றோ?

சதாசிவரின் சமாதி கரூரை அடுத்த நெரூரில் உள்ளது. பிறரைப் புண்படுத்தி நகைப்பது எளிது. பிறர் தம்மைக் கண்டு நகைக்கும்போது சினவாது, அதிலுள்ள உண்மையை உணர்ந்து தம்மைத் திருத்திக் கொள்வதே பெரியோர் இயல்பு. மாணாக்கர் அனைவரும் இதனை உளங்கொள்வாராக.