கண்ணாடியில் மலர்களை மலர்வித்த எமில் காலே



நம் பினாங்கு மாநிலத்தின் தண்ணீர்மலைப் பகுதியில் உள்ள தாவரவியல் பூங்காவை நீங்கள் கண்டிருப்பீர்கள். 1884ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பெற்ற பூங்கா அது. அங்கே அழகிய மலரொன்றைக் கண்டால் நாம் சற்று நின்று பார்த்துவிட்டு அப்பால் சென்றுவிடுகிறோம். ஆனால், மலர்களையும் இலைகளையும் நாள்தோறும் உற்றுநோக்கி, அவற்றின் அழகைக் கண்ணாடியில் நிலைபெறச் செய்த கலைஞர் ஒருவர் பிரான்சு நாட்டில் வாழ்ந்தார். அவரே எமில் காலே ஆவார்.

எமில் காலே 1846ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் நான்சி என்னும் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் கண்ணாடிப் பொருள்களையும் பீங்கான் கலன்களையும் விற்கும் வணிகர். சிறுவர் எமில் காடுகளிலும் வயல்வெளிகளிலும் திரிந்து செடிகொடிகளை ஆராய்வதில் பேரார்வம் கொண்டார். தாவரவியலை முறையாகப் பயின்றார். பின்னர் ஜெர்மனியின் வைமார் நகருக்குச் சென்று கல்வி பெற்றார். அதன்பின் மைசென்தால் என்னும் ஊரின் கண்ணாடித் தொழிற்சாலையில் தங்கி, தொழிலின் நுட்பங்களைக் கற்றுக்கொண்டார்.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. காலே தாமாகவே முன்வந்து படையில் சேர்ந்தார். போரில் பிரான்சு தோற்றது. மைசென்தால் ஜெர்மனியின் வசமாயிற்று. நான்சி நகரமோ எல்லைப்புற நகரமாக மாறியது. இத்துன்பம் காலேயின் உள்ளத்தை வாட்டியது. முட்கள் நிறைந்த ஒரு காட்டுச்செடியே நான்சி நகரின் சின்னம். அச்செடியைத் தம் கலன்களில் அவர் பலமுறை தீட்டினார்.

1877இல் தந்தையாரின் தொழிலை ஏற்று நடத்தத் தொடங்கினார். தம் இல்லத்தைச் சுற்றிலும் பெரிய தோட்டம் அமைத்துப் பல நாட்டுச் செடிகளை வளர்த்தார். அவருடைய ஓவியர்கள் அத்தோட்டத்தின் மலர்களைக் கண்முன்னே வைத்துக்கொண்டு படம் வரைந்தனர்.

மாணவர்களே, கண்ணாடிக் கலன் எவ்வாறு உருவாகிறது என்பதை அறிவீர்களா? மணலையும் சில உப்புகளையும் கலந்து, 1,000 பாகைக்கும் மேற்பட்ட வெப்பமுள்ள உலையில் உருக்குவர். அது தேனைப் போன்ற குழம்பாகும். நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் அக்குழம்பைச் சுற்றி எடுத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதுவர். குழம்பு குமிழிபோல் விரியும். அது கெட்டியாவதற்கு முன்னரே சுழற்றிச் சுழற்றி உருவம் கொடுத்துவிட வேண்டும். பிறகு மிக மெல்ல ஆறவிட வேண்டும். விரைந்து குளிர்ந்தால் வெடித்துவிடும்.

காலே ஒரு நிறக் கண்ணாடியின்மேல் வேறொரு நிறக் கண்ணாடியைப் போர்த்தச் செய்தார். மேலடுக்கைச் சுழலும் சக்கரத்தாலும் அமிலத்தாலும் வேண்டிய இடங்களில் நீக்கினால், எஞ்சிய பகுதி மலராகவும் தும்பியாகவும் எழுந்து நிற்கும். கண்ணாடியினுள் தோன்றும் புகை போன்ற மங்கலையும் சிறு குமிழிகளையும் பிறர் குறையென்று ஒதுக்கினர். காலேயோ அவற்றையே மூடுபனியாகவும் நீர்த்துளியாகவும் ஆக்கிக் காட்டினார். 1889இல் நடந்த பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் அவருக்குப் பெரும்பரிசு கிடைத்தது. 1894இல் நான்சியிலேயே சொந்தக் கண்ணாடித் தொழிற்சாலையைத் திறந்தார்.

அதே ஆண்டில் டிரைபஸ் என்னும் யூதப் படை அதிகாரி, நாட்டின் இரகசியங்களை விற்றார் என்று பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பெற்றார்; பின்னர் தொலைதூரத் தீவொன்றில் சிறை வைக்கப்பெற்றார். அவர் குற்றமற்றவர் என்பதற்கான சான்றுகள் பின்னர் வெளிவந்தன. ஆயினும் பலர் வாய்மூடி இருந்தனர். காலே அவ்வாறு இருக்கவில்லை. டிரைபஸுக்கு நீதி வேண்டும் என்று வெளிப்படையாக வாதாடினார். இதனால் சொந்த ஊரிலேயே பலர் அவரை வெறுத்தனர். அவருடைய கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டோரும் உண்டு. வணிகம் குன்றியபோதும் அவர் தம் கொள்கையினின்று பிறழவில்லை. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில், பொய்யையும் பகைமையையும் கரிய மனித உருவங்களாகக் காட்டும் கண்ணாடிக் கலன் ஒன்றை வைத்தார். அங்கும் பெரும்பரிசு அவரையே சார்ந்தது.

1901இல் நான்சியின் கலைஞர்களை ஒன்றுசேர்த்து ஒரு கலைக்கழகம் நிறுவி, அதன் தலைவராக விளங்கினார். தொழிலாளரும் கல்வி பெறுதல் வேண்டும் என்று அதற்காகவும் உழைத்தார். ஆனால் கொடிய இரத்தப் புற்றுநோய் அவரைப் பற்றியது. நோயின் நடுவிலும் கடற்பாசியும் சிப்பிகளும் பற்றிய ஒரு கையின் வடிவத்தைக் கண்ணாடியில் படைத்தார். 1904ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், தமது 58ஆம் வயதில் உயிர் நீத்தார்.

1906இல் டிரைபஸ் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைக் கேட்கக் காலே உயிருடன் இல்லை.

மாணவச் செல்வங்களே! செடிகொடிகளை உற்றுநோக்கிய அதே கண்களால் காலே உண்மையையும் உற்றுநோக்கினார். கண்டதை மறைக்காமல் கூறினார். நாமும் இயற்கையை அன்புடன் நோக்குவோம். ஒருவர்மீது வீண்பழி சுமத்தப்படும்போது அஞ்சாமல் அவர் பக்கம் நிற்போம்.