துயரில் தளராத சிதம்பரனார்

துன்பம் வந்த காலத்தில் நண்பர் கூறும் ஆறுதல் பல வேளைகளில் புண்ணுக்கு மருந்தாவதில்லை. விதி என்பார் சிலர். முன்பே எண்ணியிருக்க வேண்டும் என்பார் சிலர். வாராமலே இருந்துவிடுவார் பலர். அவ்வேளையில் மனிதன் எதைப் பற்றி நிற்பது? இவ்வினாவுக்கு விடை தேடி, வ. உ. சிதம்பரனாரின் வாழ்வை இந்த ஆண்டுவிழாவில் நாம் நினைவுகூர்கிறோம்.

1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர், வழக்கறிஞராய் வளமுடன் வாழ்ந்தார். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டினார். 1908 மார்ச்சில் அவர் கைதானபோது திருநெல்வேலி கொந்தளித்தது. ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அத்தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். மேல்முறையீட்டில் தண்டனை 6 ஆண்டுகளாகக் குறைந்தது. ஆயினும், கோயமுத்தூர்ச் சிறையில் அப்பெருமகனார் மாடுபோல் செக்கிழுக்க நேர்ந்தது.

அவர் உள்ளே வாடுகையில் வெளியே கம்பெனி கலைந்தது. எந்த ஆங்கிலக் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் வாங்கினாரோ, அக்கம்பெனிக்கே 'காலியா' விற்கப்பட்டது. 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையினின்று அவர் வெளிவந்தபோது, முன்பு அவர் பேச்சைக் கேட்கத் திரண்ட பெருங்கூட்டம் வாயிலில் இல்லை. சிறையிலே தொழுநோய் பற்றிய சுப்பிரமணிய சிவா வந்திருந்தார். வந்து நின்றதே அவர் தந்த ஆறுதல்.

ஆனால் சிதம்பரனார் பிறர் ஆறுதலுக்காகக் காத்திருந்தவர் அல்லர். சிறையிலேயே ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம்போல வாழ்வு' எனத் தமிழாக்கினார். உடனிருந்த கைதிகளுக்கு நல்வழி உணர்த்தும் பொருட்டு 'மெய்யறம்' இயற்றினார். தாம் தேற்றப்பட வேண்டிய இடத்தில் பிறரைத் தேற்றினார். அதிலே தமக்கும் நம்பிக்கை கண்டார்.

விடுதலைக்குப் பின்னும் வறுமை விடவில்லை. வழக்கறிஞர் உரிமை பறிபோயிருந்தது. சென்னையில் சிறு கடை வைத்துப் பிழைத்தார். தென்னாப்பிரிக்காவில் திரட்டப்பட்ட 347 ரூபாய் 12 அணா, காந்தியடிகளின் வழியாக 1916-இல் அவர் கைக்கு வந்தது. வாலேசு என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் வழக்கறிஞர் உரிமை மீண்டது. அந்நன்றி மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். அவ்வறுமைக்கிடையிலும் 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலின் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் உயிர் நீத்தார்.

பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு இவ்வாழ்வு இரண்டு பாடங்கள் புகட்டுகிறது. துன்பம் நமக்கு வருமாயின், அன்றைக்கு இயன்ற ஒரு நற்பணியைக் கைக்கொள்வோம். நம் காலனியில் வேறொரு வீட்டுக்கு அது வருமாயின், அறிவுரையை வாயிலிலேயே விட்டுவிட்டு, சிவாவைப் போலப் போய் நிற்போம்.