ஐம்பதாவது வயதில் ஹெலிகாப்டரில் எழுந்த பொறியாளர்: இகோர் சிகோர்ஸ்கியின் வாழ்க்கைப் பயணம்

இன்று உலகெங்கும் பறக்கும் பெரும்பாலான ஹெலிகாப்டர்களின் வடிவத்துக்கு அடித்தளமிட்ட இகோர் சிகோர்ஸ்கி, அத்துறையில் வெற்றி கண்டபோது அவருக்கு வயது 50. அதற்கு முன்பு அவர் கடற்படைப் பள்ளி மாணவர், போர் விமான வடிவமைப்பாளர், அகதி, கணித ஆசிரியர் எனப் பல நிலைகளைக் கடந்திருந்தார்.

அன்றைய ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த கீவ் நகரில் 1889 மே 25-ஆம் தேதி பிறந்தவர் சிகோர்ஸ்கி. தந்தை உளவியல் பேராசிரியர். தாய் மருத்துவம் பயின்றவர். 14 வயதில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கடற்படைப் பள்ளியில் சேர்ந்த அவர், பொறியியல் மீதான ஆர்வத்தால் 1906-இல் அங்கிருந்து விலகி, பின்னர் கீவ் பாலிடெக்னிக்கில் பயின்றார்.

1909-இல் பாரிஸில் வாங்கி வந்த 25 குதிரைத்திறன் என்ஜினைக் கொண்டு முதல் ஹெலிகாப்டரை உருவாக்கினார். அது தரையை விட்டு எழவில்லை. மறு ஆண்டு உருவாக்கிய இரண்டாவது இயந்திரம் தன் எடையை மட்டுமே தூக்கியது. ஆள் ஏறினால் எழ மறுத்தது. அக்கால என்ஜின்களின் எடைக்கு ஏற்ற ஆற்றல் இல்லை என்பதை உணர்ந்த அவர், ஹெலிகாப்டரைக் கைவிட்டு விமானங்களின் பக்கம் திரும்பினார். அந்த இடைவெளி ஏறத்தாழ 30 ஆண்டுகள் நீடித்தது.

அவரது தொடக்ககால விமானம் ஒன்றின் கார்புரேட்டரில் கொசு சிக்கி, என்ஜின் நடுவானில் நின்றுபோனது. ஒரே என்ஜினை நம்பிப் பறப்பதன் ஆபத்தை இதன் மூலம் அவர் உணர்ந்தார். 1913-இல் நான்கு என்ஜின்கள் கொண்ட விமானத்தைப் பறக்கவிட்டார். அதன் வழிவந்த 'இலியா முரோமெட்ஸ்' முதல் உலகப் போரில் குண்டுவீச்சு விமானமாகப் பயன்பட்டது.

ரஷ்யப் புரட்சி அவரது புகழையும் சொத்தையும் ஒருங்கே பறித்தது. 1918-இல் நாட்டை விட்டு வெளியேறி, 1919-இல் நியூயார்க் சென்றடைந்தார். போர் முடிந்திருந்ததால் விமானத் துறையில் வேலை கிடைக்கவில்லை. சக ரஷ்ய அகதிகளுக்குக் கணிதம் கற்பித்துப் பிழைப்பு நடத்தினார்.

1923-இல் அவர் தொடங்கிய விமான நிறுவனத்தின் முதல் பட்டறை, லாங் ஐலண்டில் இருந்த ஒரு கோழிப் பண்ணை. பண்ணையின் உரிமையாளர் முன்னாள் ரஷ்யக் கடற்படை விமானி. உடன் உழைத்தவர்களில் பலர், புரட்சிக்குப் பின் கிடைத்த கூலி வேலையைச் செய்துவந்த முன்னாள் அதிகாரிகளும் பொறியாளர்களும் ஆவர். பழைய இரும்புப் பொருள்கள்கூட விமானத்தின் பாகங்களாயின. பணம் தீர்ந்த நேரத்தில் இசைமேதை செர்கெய் ராக்மனினோவ் 5,000 டாலருக்குப் பங்குகள் வாங்கி உதவினார். விளம்பரத்துக்காகத் துணைத் தலைவர் பொறுப்பையும் ஏற்றார்.

பின்னர் நீரிலும் நிலத்திலும் இறங்கும் விமானங்கள் நிறுவனத்தை நிலைநிறுத்தின. 1930-களின் இறுதியில் பறக்கும் படகுகளுக்கான சந்தை சரிந்தபோது, தமது குழுவைக் கலைக்காமல் ஹெலிகாப்டர் ஆராய்ச்சிக்கு அனுமதிக்குமாறு தாய் நிறுவனத்திடம் கேட்டுப் பெற்றார்.

மேலே உள்ள சுழலி ஒரு திசையில் சுழன்றால், உடற்பகுதி எதிர்த்திசையில் சுழல முற்படும். வாலில் சிறிய சுழலி ஒன்றைப் பொருத்தி அதைத் தடுப்பதே அவரது வடிவமைப்பின் அடிப்படை. ஜெர்மனியில் 1936-லேயே ஹெலிகாப்டர் பறந்துவிட்டது என்றாலும், பரவலாக நிலைத்தது சிகோர்ஸ்கியின் வடிவமே. 1939 செப்டம்பர் 14-ஆம் தேதி, கம்பிகளால் தரையுடன் பிணைக்கப்பட்ட விஎஸ்-300 ஹெலிகாப்டரை அவரே இயக்கினார். ஹெலிகாப்டர் விமானி என்றொரு தொழிலே அமெரிக்காவில் அப்போது இல்லை என்பது கவனிக்கத்தக்கது. 1940 மே மாதம் அது கம்பிகளின்றிப் பறந்தது.

வேறு தொழிலில் இருந்து இத்துறைக்கு வந்தவர் அவர் மட்டும் அல்லர். பெல் நிறுவனத்தின் ஹெலிகாப்டரை வடிவமைத்த ஆர்தர் யங், தத்துவத் தேடலில் ஈடுபட்டிருந்த கணிதப் பட்டதாரி. சிகோர்ஸ்கியின் ஆர்-4 ரகத்தைக் கொண்டு, போர்க்களத்தில் முதல் ஹெலிகாப்டர் மீட்புப் பணியைச் செய்த கார்ட்டர் ஹார்மன், பிரின்ஸ்டனில் இசை பயின்றவர். போருக்குப் பின் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் இசை விமர்சகரானார்.

அந்த மீட்புப் பணிக்கு இந்தியாவுடன் தொடர்பு உண்டு. 1944 ஏப்ரலில் அஸ்ஸாமின் லாலாகாட் தளத்திலிருந்து புறப்பட்ட ஹார்மன், பர்மா காட்டில் ஜப்பானியப் படையினருக்கு நடுவே சிக்கியிருந்த விமானி ஒருவரையும், காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்கள் மூவரையும் மீட்டார். வெப்பத்தில் என்ஜின் திணறியதால் ஒரு முறைக்கு ஒருவரை மட்டுமே ஏற்ற முடிந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1954-இல், இந்திய விமானப் படையில் சேர்ந்த முதல் ஹெலிகாப்டரும் சிகோர்ஸ்கி நிறுவனத்தின் எஸ்-55 தான்.

1957-இல் ஓய்வு பெற்ற பிறகும் ஆலோசகராக நீடித்த சிகோர்ஸ்கி, 1972 அக்டோபர் 26-ஆம் தேதி கனெக்டிகட் மாநிலத்தின் ஈஸ்டன் நகரில் உள்ள இல்லத்தில் காலமானார். அதற்கு முந்தைய நாளும் அவர் அலுவலகப் பணியில் இருந்தார்.