திறவாத கதவுகளின் முன் ஒரு முதியவர்

அவுஸ்திரேலியப் பழங்குடி மக்களின் உரிமைக் குரலாக வாழ்ந்த வில்லியம் கூப்பர், மரே நதிக்கரையின் யோட்டா யோட்டா இனத்திலே 1860ஆம் ஆண்டளவில் பிறந்தவர். அவர் பல காலம் வாழ்ந்த கமரகன்ஜா ஒதுக்கிடத்தில், அரசு நியமித்த மேலாளரின் கட்டுப்பாட்டிலேயே மக்கள் வாழ வேண்டியிருந்தது. 1917இல் அவரது மகன் டானியல் அவுஸ்திரேலியப் படைவீரனாகப் போர்முனையில் மடிந்தார். ஆயினும் ஒதுக்கிடத்தில் வாழ்ந்த தந்தைக்கு முதியோர் ஓய்வூதியம் பெறும் உரிமை இருக்கவில்லை.

எழுபது வயதைக் கடந்த நிலையில், 1933இல் அவர் மெல்பேர்ண் நகரின் ஃபுட்ஸ்கிரேயில் குடியேறினார். பழங்குடியினருக்கு நாடாளுமன்றப் பிரதிநிதித்துவம் கோரி, பிரித்தானிய மன்னருக்கான மனுவொன்றுக்கு 1814 கையொப்பங்களைத் திரட்டினார். 1937இல் அம்மனு மத்திய அரசிடம் கையளிக்கப்பட்டது. அதனை மன்னருக்கு அனுப்புவதில்லையென 1938இல் அமைச்சரவை முடிவெடுத்தது.

அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் திகதி, ஜேர்மனியில் யூதர்மீது நிகழ்ந்த வன்செயலைக் கண்டித்து, அவர் நிறுவிய சங்கத்தின் தூதுக்குழு மெல்பேர்ணிலிருந்த ஜேர்மன் துணைத்தூதரகத்திற்குச் சென்றது. கண்டனக் கடிதம் ஏற்கப்படவில்லை. சொந்த மண்ணில் உரிமையற்றோர், கண்டிராத மக்களுக்காக அக்கதவைத் தட்டினர்.

1939 பெப்ரவரியில் கமரகன்ஜா மக்கள், மேலாளரின் கொடுமையை எதிர்த்து நதியைக் கடந்து வெளியேறினர். 1941இல் கூப்பர் காலமானார். மத்திய தேர்தல்களில் பழங்குடியினர் அனைவருக்கும் வாக்குரிமை கிட்டியது 1962இலேயே.

மனுக்களோடு அலுவலக வாசல்களிற் காத்திருக்கும் நாம் அறிய வேண்டிய வாழ்வு இது. தம் துயரம் தீராதபோதும் பிறர் துயருக்காகக் குரலெழுப்ப அவர் தயங்கவில்லை. நாமும் தயங்கலாகாது.